ஒரு வருஷத்துக் காற்று

பூச்சுக்காரர் புதிதாக ஒரு ஊருக்குள் நுழைந்தால் முதலில் பார்ப்பது கடைத்தெருவையோ பள்ளிக்கூடத்தையோ அல்ல. வீட்டு வாசல்களில் கிடக்கும் செருப்புகளைத்தான் பார்ப்பார். தோல் செருப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தால் அந்த ஊர் ஆகாது, அவ்வளவுதான், பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வண்டி ஏற வேண்டியதுதான். இதைக் கேட்டால் வெளியாட்கள் சிரிப்பார்கள். அவருடைய ஆட்கள் சிரிக்க மாட்டார்கள். வறண்ட மண்ணில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, பிழைக்கப் போகிற இடத்தில் கூலி எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. காற்று எப்படி என்பதே முதல் கேள்வி.

"கடலோரத்துக்காரன் எங்க போனாலும் உப்புக்காத்து அடிக்கிற இடமா பாத்துத்தான் குடியேறுவான். மலைக்காரன் மேட்டைத் தேடிப் போவான். மாட்டுக்கே பழகின தண்ணிதான் இறங்குது, மனுஷனுக்கு இருக்காதா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். அந்தக் காலத்தில் அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றி, ஊரே கிளம்ப வேண்டும் என்றானபோது, அவர்கள் தங்கள் வழக்கப்படி ஒருவரை முன்னால் அனுப்பினார்கள். 'காற்றுப் பார்க்க' அனுப்புவது என்று அதற்குப் பெயர். போகிறவர் ஒரு முழு வருஷம் அங்கே தங்க வேண்டும். வெயிலையும் பார்க்க வேண்டும், மழையையும் பார்க்க வேண்டும், பனியில் ஒரு முறையாவது தரையில் படுத்து எழ வேண்டும். அதற்குப் பிறகு அவர் சொல்வதுதான் சொல். வீட்டுக்கு வீடு பேசி, கடைசியில் எல்லாரும் கை காட்டியது பூச்சுக்காரரைத்தான். சுவர் பூசுகிறவனைவிடக் காற்றைத் தெரிந்தவன் யார்?

அதில் நியாயமும் இருந்தது. சுவரில் கலவையை அப்பி, மட்டப்பலகையால் இழுத்துச் சமன் செய்தபின், அது தண்ணீர் இழுத்து இறுகும்வரை காத்திருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழக் கூடாது. அதற்கு அப்புறம்தான் கட்டையால் தேய்த்து வழவழப்பாக்க முடியும். ஈரக்காற்று ஊரில் டீக்கடைக்குப் போய், பேப்பரைப் புரட்டி, நாலு பேர் வம்பை இழுத்துவிட்டு வந்தாலும் சுவர் பச்சைப்பிள்ளை மாதிரி அப்படியே இருக்கும். அவர் ஊரில் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் இறுகிவிடும். பாதி டீயோடு ஓடி வர வேண்டும். புது ஊரில் முதல் நாள் வேலைக்குப் போன இடத்தில் அவர் டீ குடிக்கப் போனார், திரும்பி வந்தார், கட்டைவிரலை வைத்தார். கல் மாதிரி இருந்தது. மேஸ்திரி திட்டினார். பூச்சுக்காரருக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

வருஷம் முழுக்க அப்படியே இருந்தது. கட்டி முடியாத கட்டடங்களில் படுத்துக்கொண்டு, திறந்த கிண்ணத்தில் உப்பைப் போட்டு வைத்துப் பார்த்தார், நீர் விடவில்லை. தீப்பெட்டி நமுத்துப்போகவில்லை. செருப்பு வந்த நாளில் இருந்தபடியே இருந்தது. உள்ளூர்க்காரர்கள் மழை பொய்த்துவிட்டது, இப்படி ஒரு வருஷத்தைப் பார்த்ததே இல்லை என்று புலம்பிக்கொண்டுதான் இருந்தார்கள். அது அவர் காதில் விழாமல் இல்லை. ஆனால் மழை பொய்த்தது என்று புலம்பாத ஊர் எங்கே இருக்கிறது? அவர் பிறந்ததிலிருந்து அதைத்தான் கேட்டு வந்திருக்கிறார். மழை பொய்த்த வருஷத்தைத்தான் அவருடைய ஆட்கள் வருஷம் என்று அறிந்திருந்தார்கள். வேறு யாரை அனுப்பியிருந்தாலும் இந்தத் தவறைத்தான் செய்திருப்பார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். சோற்றுக்குச் சரி.

எல்லாரையும்விட அவர் சொல்லுக்காகக் காத்திருந்தவள் அக்கா. அம்மா போனபிறகு அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அவளுக்குப் பிறவியிலேயே இளைப்பு. ஊரில் எப்போதாவது தப்பித் தவறி மழை பெய்தால் அன்றைக்கு மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மற்ற நாளெல்லாம் சாக்குத் தைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளி கிடையாது. புருஷன் போய்விட்டார். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். அக்கா போனில் கேட்டது ஒன்றுதான்.

"என் நெஞ்சு உனக்குத் தெரியும். நீ சொல்லு தம்பி. நீ சொன்னா வர்றேன்."

"நம்ம ஊர் மாதிரியே இருக்குக்கா. ஒரு வித்தியாசமும் இல்லை."

அக்கா வீட்டுக் கதவு, சன்னல், உத்தரம் எல்லாவற்றையும் பெயர்த்து விற்றுவிட்டுக் கிளம்பி வந்தாள். பின்னாலேயே மற்றக் குடும்பங்களும் வந்தன.

அடுத்த வருஷம் மழை வந்தது. வந்தது என்று சொன்னால் போதாது. அந்த ஊருக்கு எப்போதும் வருகிற மழை, விடுமுறைக்குப் போய்விட்டு வேலைக்குத் திரும்பியது. தெருவெல்லாம் சந்தோஷம். டீக்கடைக்காரர் பூச்சுக்காரரிடம், "போன வருஷம் நீங்க பாத்தது எங்க ஊரே இல்லைங்க. இப்பதான் எங்க ஊர்" என்று பெருமையாகச் சொன்னார். பூச்சுக்காரர் டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றைக்குப் பூசிய சுவரில் மாலைவரை கட்டைவிரல் போய்க்கொண்டே இருந்தது.

அவர் வீட்டில் அக்காவுக்கு ஒதுக்கியிருந்த அறையின் சுவரில் தரையிலிருந்து ஈரம் ஏறியது. அவள் நெஞ்சில் இளைப்பு ஏறியது. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நாள் தும்மினார்கள், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டார்கள், பழகிவிட்டார்கள். குழாயில் தண்ணீர் வருகிறதே, அதற்கு மேல் என்ன வேண்டும்? யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் மனசு ஆறியிருக்கும்.

அவர் அந்த அறையோடு போராடினார். பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் கலவை பூசினார். அடிச்சுவருக்குத் தார் அடித்தார். கூரையை ஒட்டிக் காற்றுக்கு ஓட்டை போட்டார். அந்த ஓட்டை வழியாகவும் ஈரக்காற்றுதான் வந்தது. கடைசியில் பூச்சே வேண்டாம் என்று செங்கல்லை வெறுமனே விட்டுப் பார்த்தார், செங்கல்லும் வியர்த்தது. கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி நகர்த்தி, அறையின் நட்டநடுவில் தீவு மாதிரிப் போட்டார்கள். ஊரார் வீட்டுச் சுவரையெல்லாம் காய வைக்கிற கைக்கு அக்காவின் சுவர் மட்டும் காயவில்லை. டாக்டர், "வறண்ட காற்று இருக்கிற ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். எந்த ஊருக்கு? கிளம்பி வந்த ஊரில் கூரையில்லாத நாலு சுவரும் குடிக்கத் தண்ணீர் இல்லாத கிணறும் இருந்தன. அங்கே மூச்சு நன்றாக வரும். தொண்டை காய்ந்து சாக வேண்டியதுதான்.

வருஷங்கள் போயின. அக்காவின் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. கதை போய் வாக்கியமானது. வாக்கியம் போய் இரண்டு வார்த்தை ஆனது. மகள் போன் செய்தால் "ம்", "சரி", "வை" என்பாள். அவரிடம் ஒருநாளும் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "வயசாச்சுடா" என்பாள். அவ்வளவு சொல்வதற்கும் நடுவில் ஒரு முறை மூச்சு வாங்குவாள். பூச்சுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போய்விடுவார்.

இந்த வருஷம் மறுபடியும் மழை பொய்த்தது.

முதலில் தெரிந்துகொண்டது அவருடைய கட்டைவிரல். பிறகு அக்காவின் நெஞ்சு தெரிந்துகொண்டது. மழை வர வேண்டிய மாதத்தில் ஒருநாள் காலை, அவள் தானாக எழுந்து குழாயடிவரை நடந்து போய்க் குடத்தைக் கழுவினாள். அங்கே நின்றிருந்த பெண்ணிடம் எதையோ சொல்ல ஆரம்பித்தாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். பூச்சுக்காரர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார். அவருடைய மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க அக்காவுக்கு வாய் வந்துடுச்சு. இனிமே நம்ம காது போச்சு" என்றாள். சொன்னவளுக்கும் கண் கலங்கியிருந்தது. அவர் வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டு அழுதார். அத்தனை வருஷத்தில் அவருக்குக் கிடைத்த நல்ல காலை அது.

அந்தச் சந்தோஷத்தில்தான் வினை இருந்தது. அக்கா மகளின் புருஷன் லாரி ஓட்டுகிறவர். அவர் இருந்த கம்பெனி கிளையை மூடிவிட்டு, இரண்டு ஊரில் ஒன்றுக்குப் போகச் சொன்னது. ஒன்று தொலைவில் உள்ள ஒரு வறண்ட மேட்டு நிலத்து ஊர். பொட்டல், சொந்தம் என்று சொல்ல ஒரு ஈ காக்கை கிடையாது. இன்னொன்று இந்த ஊர். அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை, அக்காவின் சாயல். சாயலோடு நிற்காமல் நெஞ்சையும் வாங்கிக்கொண்டு பிறந்திருந்தது. ஆகவே அக்கா மகள் போனில் கேட்ட முதல் கேள்வி, அவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்விதான்.

"அங்க காத்து எப்படிம்மா இருக்கு? பாப்பாவுக்கு ஒத்துக்குமா?"

அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரே மூச்சில் சொன்னாள். "நம்ம ஊர் மாதிரியே இருக்குடி. ஒரு வித்தியாசமும் இல்லை. என் குரலைக் கேக்கறேல்ல? நீ யோசிக்காதே, கிளம்பி வா."

பூச்சுக்காரர் கதவுப் பக்கம் நின்று கேட்டார். அன்றைக்கு அவர் அக்காவுக்குச் சொன்ன அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை.

மறுநாள் அவர் அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து, சட்டையில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டே ஆரம்பித்தார். "அக்கா, இந்த வருஷம் மழை இல்லைக்கா. அதனாலதான் உனக்கு..."

"ஏன்டா, நான் நல்லா மூச்சு விட்டா உனக்குக் கண்ணு உறுத்துதா?" என்று அக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேச முடியாம எத்தனை வருஷம் கிடந்தேன். இப்பதான் வந்திருக்கு. மகளும் பேத்தியும் பக்கத்துல இருந்தா பேசிட்டே போயிடுவேன்டா."

இதற்கு என்ன சொல்ல முடியும்? உன் மூச்சு ஒரு வருஷத்துக்குத்தான், அடுத்த மழையில் போய்விடும் என்றா? வளர்த்தவளின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல நாக்கு வேண்டும். அவருக்கு இல்லை.

மனைவியிடம் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டே, "நீங்க சொல்றது நிஜம்தான். ஆனா சொல்லாதீங்க" என்றாள். "சொன்னா என்ன ஆகும் தெரியுமா? மாமா நல்லவரு, அத்தைதான் ஏத்தி விட்டிருக்காங்கன்னு என் தலையில விடியும்."

"குழந்தை நெஞ்சு என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"யோசிக்காமலா?" என்று அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "வேண்டாம்னு சொல்ல வேண்டியவங்க பெத்தவங்க. தாய்மாமன் வாயால வராதேன்னு சொன்னா அது வேற மாதிரிதாங்க கேக்கும்."

அவள் சொன்னது சரி. ஆனாலும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்களே, எறும்புக்காவது நடுவில் ஓடிக்கொண்டிருக்க இடம் இருக்கும். அவர் வேலைக்குப் போன இடத்தில், மதிய இடைவேளையில், மணல் குவியலின் பின்னால் போய் நின்று அக்கா மகளுக்குப் போன் போட்டார். சொல்ல வேண்டியதைக் காலையிலிருந்து பூச்சு பூசப் பூச மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார்.

"அம்மாடி, மாமா ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"சொல்லுங்க மாமா."

"இந்த ஊர்க் காத்து இப்ப நல்லா இருக்கு. எப்பவும் இப்படி இருக்காதும்மா. நான் முன்னாடி ஒரு தடவை ஏமாந்தேன். உங்க அம்மா பட்டதைப் பாத்தேன். பாப்பாவுக்கு அந்த இன்னொரு ஊருதான்..."

அவள் குறுக்கிட்டுக் கேட்டாள். "அங்க எங்களுக்கு யாரைத் தெரியும் மாமா?"

"யாரையும் தெரியாதுதான். ஆனா காத்து..."

"அம்மா நேத்து என்கிட்ட விடாம பேசினாங்க. பத்து வருஷத்துல அம்மா அப்படிப் பேசிக் கேட்டதில்லை. அது பொய்யா மாமா?"

"பொய் இல்லைம்மா. ஆனா மழை வந்தா..."

"எங்க அம்மாவை இத்தனை வருஷம் வச்சுப் பாத்துக்கிட்டீங்க. அதுக்கு நான் செருப்பா தேயணும். இப்ப நாங்களும் மூணு பேரா வந்து நிக்கிறோம்னா பாரம்தான். எனக்குப் புரியுது." அவள் குரல் உடைந்தது. "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க மாமா. காத்து மேல பழியைப் போடாதீங்க."

பூச்சுக்காரர் சுவரில் கை வைத்துக்கொண்டார். காலையில் அவரே பூசிய சுவர், காய்ந்து இறுகி, கைச்சூட்டோடு இருந்தது. சத்தியம் பண்ணிச் சொல்லலாமா என்று நினைத்தார். யார் மேல் சத்தியம்? அவர் சொல்லை நம்பி ஒருத்தி வீட்டையே பெயர்த்துக்கொண்டு வந்தாள். அந்தச் சொல் பொய்யாக இருந்தபோது உடனே எடுபட்டது. இப்போது நிஜத்தைச் சொல்கிறார், விலை போகவில்லை. அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவர் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பெண். அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டு அவரால் நிற்க முடியவில்லை.

"பைத்தியம், யாரு பாரம்னு சொன்னா?" என்று அவர் வாய் சொல்லியது. "கிளம்பி வாம்மா. மாமா ரூம் பூசி வைக்கிறேன்."

போனை வைத்தபிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. மணல் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். வராதே என்று சொல்லப் போய், வா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இனி அடுத்தவர் வாயைக் குற்றம் சொல்லவும் வழியில்லை.

பூச்சுக்காரரின் மகன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனதில் ஒரு அறை காலியாகக் கிடந்தது. அக்காவின் அறைக்கு அடுத்தது. அவர் அதைப் பூசினார். மனுஷன் தன் வாழ்நாளில் எந்தச் சுவரையும் அப்படிப் பூசியிருக்க மாட்டார். அடிச்சுவரைத் தோண்டித் தார் அடித்தார், மூலை முடுக்கெல்லாம் விரலால் அழுத்தி அழுத்தி அடைத்தார். அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேத்திக்கு எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கப் போட வேண்டும் என்பதிலிருந்து அவருடைய சின்ன வயசுத் திருட்டுத்தனங்கள்வரை பேசிக்கொண்டே இருந்தாள். சுவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் காய்ந்தது. காய்ந்த சுவரைப் பார்த்து அவருக்கு அழுகை வந்தது அந்த ஒரு தடவைதான். ஈரமாக இருந்து தொலைத்திருந்தால், விரலை வைத்துக் காட்டி, பாருங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம்.

அவர்கள் வந்து சேர்ந்தார்கள். குழந்தை வந்த அன்றே தெருவைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. அக்கா மகள் சமையலறையில் அத்தையோடு ஒட்டிக்கொண்டு, "மாமா என்னமோ பயமுறுத்தினாரு" என்று சிரித்தாள். மனைவி அவரைப் பார்த்தாள். தினமும் காலையில் எழுந்து வாசலில் கிடக்கும் குழந்தையின் சின்னத் தோல் செருப்பைத் திருப்பிப் பார்ப்பது மட்டும் அவருக்கு வழக்கமானது. பார்த்துவிட்டு, யாரும் கவனிக்காத மாதிரி பழையபடி வைத்துவிடுவார்.

ஊரில் தண்ணீர் குறைந்துகொண்டு வந்தது. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது, பிறகு அதுவும் இல்லை. தெருவில் எல்லாரும் அண்ணாந்து பார்த்து மழைக்கு வேண்டிக்கொண்டார்கள். மழைக்காக அழுதே பாதி ஆயுளைக் கழித்த பூச்சுக்காரர், அவர்களோடு அண்ணாந்து நின்று, வராதே, இன்னும் ஒரு வருஷம் வராதே என்று உள்ளுக்குள் கெஞ்சினார். அது எவ்வளவு பெரிய பாவம் என்று அவருக்குத் தெரியும். டீக்கடைக்காரர் தோளில் தட்டி, "விடுங்க, அடுத்த தடவை சேத்து வச்சுக் கொட்டும்" என்று ஆறுதல் சொன்னார்.

ஒரு பிற்பகல், குழந்தை தன் புத்தகங்களை வைக்கத் திண்டு கேட்டதென்று, அவர் அந்த அறையில் சன்னலுக்குக் கீழே ஒன்று கட்டிப் பூசினார். மட்டப்பலகையால் இழுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். வெளிச்சம் கொஞ்சம் மங்கலாக இருந்தது. பழக்கதோஷத்தில் பாதி டீயோடு ஓடி வந்து, திண்டில் கட்டைவிரலை வைத்தார்.

விரல் உள்ளே போனது.

அவசரப்பட்டு வந்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டார். கொஞ்ச நேரம் நின்றார். தள்ளி இன்னொரு இடத்தில் அழுத்தினார். அங்கேயும் போனது. பக்கத்து அறையில் அக்கா பேத்திக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே வந்தவள் ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, மூச்சு வாங்கினாள்.

"அப்புறம் என்னாச்சு பாட்டி?" என்று கேட்டது குழந்தை. கேட்டுவிட்டு அதுவும் இருமியது.